சான்றுக்கு முன் செயல்: குழந்தைப் பக்கவாதமும் அறியாமையின் பொறுப்பும்

ஒரு மருந்து பெரியவர்களுக்குப் பயன் தருவது உறுதியாகியிருக்கிறது. அதே மருந்து குழந்தைகளுக்குப் பயன் தருமா, கேடு செய்யுமா என்பது இன்னும் முறைப்படி ஆராய்ந்து முடிவு காணப்படவில்லை. காத்திருந்தால் மூளையின் ஒரு பகுதி மீளாமல் அழியும் என்பது மட்டும் ஐயமின்றித் தெரிகிறது. இந்நிலையில் மருந்தைக் கொடுப்பது அறமா, கொடுக்காமல் கைகட்டி நிற்பது அறமா என்னும் கேள்வி, மருத்துவ நூல்களில் அளவு, நேரம், தகுதி என்ற சொற்களில் பேசப்பட்டாலும், மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. போதிய சான்றின்றி ஒன்றை ஏற்றுச் செயல்படுவது குற்றமா, சான்றில்லை என்று சொல்லி விலகி நிற்பது குற்றமா என்று இறைநம்பிக்கையை முன்னிட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு மெய்யியலாளர்கள் எதிரெதிராக வாதிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு கிறித்தவ இறையியலாளர்கள், குழந்தைகள் மீது ஆய்வு நடத்தலாமா என்ற வழக்கில், அதே கேள்வியின் மறுபக்கத்தைத் தொட்டார்கள். குழந்தைகளின் பக்கவாதத்துக்கான அவசர சிகிச்சை இவ்விரு விவாதங்களும் ஒரே கட்டிலருகே வந்து சந்திக்கும் இடம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடித்துக் கசிவதாலோ திடீரென மூளையின் ஒரு பகுதி செயலிழப்பதே பக்கவாதம் எனப்படும் ஸ்ட்ரோக். அது முதுமையின் நோய் என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமன்றி மருத்துவர் பலரிடமும் ஊறிப்போனது. பிறந்த குழந்தைகளில் சில ஆயிரம் பேரில் ஒருவருக்கும், அதற்கு மேற்பட்ட வயதில் ஆண்டுக்கு லட்சத்தில் சிலருக்கும் அது வருகிறது. பெரியவர்களில் பெரும்பான்மை அடைப்பினால் வருவது. குழந்தைகளில் ஏறக்குறைய பாதி கசிவினால் வருவது. முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறுதல் என்ற அடையாளங்கள் வளர்ந்த குழந்தையிடம் பெரியவர்களிடம் காண்பது போலவே தென்பட்டாலும், கைக்குழந்தையிடம் வலிப்பு மட்டுமே முதலில் வெளிப்படலாம். ஒற்றைத் தலைவலி, வலிப்புக்குப் பின் சில மணி நேரம் நீடிக்கும் தற்காலிகத் தளர்ச்சி, முகநரம்பு வாதம் ஆகியவை குழந்தைகளில் பக்கவாதத்தைவிட மிகுதியாக வருபவை என்பதால், அவசரப் பிரிவில் நிற்கும் மருத்துவரின் மனம் இயல்பாகவே அவற்றின் பக்கம் சாய்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் உறுதியாகும் வரை கழிந்த நேரத்தின் இடைநிலை அளவு ஏறக்குறைய 23 மணி நேரம். குழாயடைத்த மூளைக்கு அது ஒரு யுகம்.

நோய் என்னவென்று ஐயம் எழுந்த பிறகும் தடைகள் ஓய்வதில்லை. மூச்சுப்பாதையைக் காத்தல், குருதியின் சர்க்கரையையும் உடல் வெப்பத்தையும் இயல்பளவில் வைத்தல், வலிப்பை அடக்குதல், இரத்த அழுத்தம் விழாமல் பார்த்தல் ஆகியவை எந்த வாதத்துக்கும் இடமின்றி உடனே செய்யத்தக்கவை. அடுத்த படி படம் எடுத்தல். சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் கசிவைக் காட்டிவிடும். ஆனால் தொடக்க நேர அடைப்பை அது பெரும்பாலும் தவறவிடும். அடைப்பை உறுதி செய்யும் எம்.ஆர்.ஐ. படத்துக்கு மூன்று வயதுக் குழந்தை பல நிமிடங்கள் அசையாமல் கிடக்க வேண்டும்; அது நடவாத காரியம் என்பதால் மயக்க மருந்து வேண்டும்; அதற்கு மயக்கவியல் மருத்துவர் வர வேண்டும்; குழந்தை கடைசியாகப் பால் குடித்தது எப்போது என்று தாயிடம் கேட்க வேண்டும். பெரியவருக்குத் தேவைப்படாத இத்தனை படிகளும் முடியும்போது, மருந்துக்கு வகுக்கப்பட்ட நாலரை மணி நேரம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும்.

அந்த மருந்தின் பெயர் ஆல்டிபிளேஸ். உறைவுக்குள் இருக்கும் நார்ப்புரதத்தைச் சிதைக்கும் நொதியைத் தூண்டி, குழாயை அடைத்த உறைவைக் கரைப்பது அதன் வேலை. 1995-இல் அமெரிக்காவில் 624 பெரியவர்களிடம், அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்து நடத்தப்பட்ட சோதனையில், மருந்து பெற்றவர்கள் மூன்று மாதத்துக்குப் பின் ஊனம் ஏதுமின்றியோ மிகச் சிறிதளவு ஊனத்துடனோ இருக்கும் வாய்ப்பு, போலி மருந்து பெற்றவர்களைவிடக் கணிசமாக உயர்ந்தது. அதே சோதனையில், நிலையை மோசமாக்கும் மூளைக் கசிவு மருந்து பெற்றவர்களில் 6.4 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கும் வந்தது. பயனும் கேடும் ஒரே குப்பியில் இருக்கும் மருந்து இது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வொன்று நேர எல்லையை நாலரை மணியாக நீட்டியது. 2015-இல் நெதர்லாந்தில் 500 பேரைக் கொண்டு நடந்த சோதனையும் அதையொட்டி வந்த பிறவும், தொடையின் தமனி வழியே மெல்லிய குழலைச் செலுத்தி மூளைக் குழாயிலிருந்து உறைவை இழுத்தெடுக்கும் முறையைப் பெரியவர்களில் நிலைநாட்டின. பதினான்கு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஆல்டிபிளேஸ் கொடுக்க முனையும் மருத்துவர், கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் என்று கணக்கிட்டு 12.6 மில்லிகிராம் என்று எழுதி, அதில் பத்திலொரு பங்கை ஒரு நிமிடத்திலும் எஞ்சியதை ஒரு மணி நேரத்திலும் செலுத்தச் சொல்வார். அந்த 0.9 என்ற எண் வளர்ந்தவர்களின் உடலில் கண்டறிந்த எண். உறைவைக் கரைக்கும் இயற்கைப் புரதங்களும் அவற்றைத் தடுக்கும் புரதங்களும் குழந்தையின் குருதியில் வேறு விகிதத்தில் இருப்பதால், எடைக்கேற்பக் குறைத்தால் மட்டும் அந்த எண் குழந்தைக்குரியதாகிவிடாது.

பெரியவரிடமிருந்து குழந்தைக்குத் தாவும் இந்த ஊகத்தின் இயல்பை விளக்க இந்தியத் தருக்க மரபில் பொருத்தமான கருவி உண்டு. தமிழ்ச் சைவ நூல்கள் கருதலளவை என்று அழைக்கும் அனுமானம், இரண்டு பொருள்கள் தவறாமல் உடன் நிகழ்வதை, அதாவது வியாப்தியை, அடிப்படையாகக் கொண்டது. புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்பது செல்லும். நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்பது செல்லாது, ஏனெனில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் புகை இல்லை. ஈர விறகு என்னும் மறைவான நிபந்தனை ஒன்று இருந்தால்தான் நெருப்பிலிருந்து புகை எழும். இவ்வாறு ஊகத்தைத் தாங்கி நின்றும் வெளியே தெரியாத நிபந்தனைக்கு உபாதி என்று நியாய நூலார் பெயரிட்டார்கள். உறைவு கரைந்தால் மூளை பிழைக்கும் என்ற பெரியவர் வியாப்திக்குள் எத்தனை உபாதிகள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் குழந்தை மருத்துவத்தின் கேள்வி. பெரியவரின் உறைவு பெரும்பாலும் கொழுப்புப் படிந்த தமனியிலிருந்தோ தாளம் தப்பிய இதயத்திலிருந்தோ வருகிறது. குழந்தைக்கோ சின்னம்மை கண்டு சில மாதங்களுக்குப் பிறகு வீங்கி அழன்று சுருங்கிய தமனிச் சுவர் காரணமாகலாம். பிறவி இதயக் குறை காரணமாகலாம். மோயாமோயா எனப்படும், மூளையடித் தமனிகள் மெல்ல மெல்லக் குறுகி ஒடுங்கும் நோய் காரணமாகலாம். காசநோய் மூளைக்காய்ச்சல் இந்தியாவில் இன்னும் மறையாத காரணம். தத்தித் தத்தி நடக்கும் பருவத்தில் சிறு உயரத்திலிருந்து விழுந்த குழந்தைக்கு, மூளையின் ஆழத்தில் சுண்ணம் படிந்த நுண்தமனிகள் அடைபட்டு ஒருபக்கம் தளர்வதை இந்திய மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அழன்ற தமனிக்குள் கம்பியைச் செலுத்தினால் அது கிழியலாம். தலையில் அண்மையில் அடிபட்டவருக்கு உறைவு கரைக்கும் மருந்து பெரியவர்களிலேயே விலக்கப்பட்டது. ஒரே பெயருடைய நோய் என்பதால் ஒரே வியாப்தி பொருந்தும் என்று கொள்வதற்கு இங்கே இடமில்லை.

ஆனால் உபாதி இருக்கக்கூடும் என்ற ஐயம் எங்கே நிற்க வேண்டும்? பத்தாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த உதயணர், இறைவன் உண்டென்று நிறுவ எழுதிய நியாய குசுமாஞ்சலியில், அனுமானத்தையே மறுத்த உலகாயதருக்கு விடை சொல்லும்போது, ஐயத்துக்கு எல்லை ஐயப்படுபவரின் சொந்தச் செயலே என்றார். பசி தீர உணவையும் புகை வேண்டி நெருப்பையும் நாடுகிற ஒருவர், காரண காரியத் தொடர்பை ஐயப்படுவதாகச் சொல்வது அவருடைய செயலோடு முரண்படுகிறது. பின்னர் வந்த ஸ்ரீஹர்ஷர் அந்த வாதத்தையே திருப்பிப்போட்டு, முரண் இருக்கிறதென்றால் ஐயமும் இருக்கிறது என்றுதானே பொருள் என்று கேட்டது தருக்க வரலாற்றின் சுவையான பக்கம். நியாய மரபின் மற்றொரு கருத்து இங்கு அதைவிட முக்கியமானது: செயலில் இறங்க உறுதியான அறிவு தேவையில்லை, ஐயத்தோடும் இறங்கலாம், அறிவு சரியானதா என்பது செயல் பலித்ததா என்பதிலிருந்து பிறகே தெரியவரும். நிலத்தையோ நீரையோ பற்றி இதைச் சொல்வது எளிது. சோதனைக்களம் ஒரு குழந்தையின் மூளையாக இருக்கும்போது, பிறகு தெரியவரும் என்பதன் விலையை யார் கொடுப்பது என்பதற்கு அந்த மரபில் நேரடி விடை இல்லை.

விலையைப் பற்றிய கேள்வியை முன்னிறுத்தியவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட். 1877-இல் அவர் எழுதிய நம்பிக்கையின் அறம் என்ற கட்டுரையில், பழைய கப்பலைச் சோதிக்காமலேயே அது கரைசேரும் என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டு, குடிபெயர்வோரை ஏற்றி அனுப்பும் முதலாளி ஒருவர் வருகிறார். கப்பல் மூழ்கினால் அவர் குற்றவாளி. பத்திரமாகக் கரைசேர்ந்தாலும் அவர் குற்றவாளியே, ஏனெனில் கைவசமிருந்த சான்று அவருக்கு அந்த நம்பிக்கையின் உரிமையைத் தரவில்லை. அமெரிக்க உளவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் அதற்கு மறுப்பாக ஆற்றிய உரையில், சில தெரிவுகள் தவிர்க்க முடியாதவை, உயிர்ப்புள்ளவை, பெரும் விளைவுடையவை என்றும், அத்தகைய இடத்தில் முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவே என்றும் வாதிட்டார். பிழையைத் தவிர்ப்பதும் உண்மையை அடைவதும் இரு வேறு கட்டளைகள். பிழையை மட்டும் அஞ்சுபவர் உண்மையை இழக்கும் இடர்ப்பாட்டை ஏற்கிறார். இருவருக்கும் வழக்கு இறைவனைப் பற்றியது. ஆனால் ஜேம்ஸ் சொன்ன மூன்று இலக்கணங்களும் இறைநம்பிக்கையைவிடக் கச்சிதமாகப் பொருந்துவது, நாலரை மணி நேரத்தில் நான்கு மணி கழிந்த பின் அடைப்பு உறுதியான குழந்தையின் கட்டிலருகேதான். அங்கே காத்திருத்தல் என்று ஒன்றில்லை.

இவ்விருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது தேவையற்றது. கிளிஃபர்டின் முதலாளிக்குக் கப்பலைச் சோதிக்க நேரமிருந்தது. செலவை அஞ்சி அவர் அதைச் செய்யவில்லை. அதனால்தான் அந்தக் கதை அவரைக் குற்றவாளியாக்குகிறது. கட்டிலருகே நிற்கும் மருத்துவருக்கு அந்த நேரம் இல்லை. அவர் எவ்வளவு நேர்மையாக விசாரித்தாலும், நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஒப்பிட்டு மட்டுமே அறியத்தக்க ஒன்றை ஒரு குழந்தையிடமிருந்து அரை மணி நேரத்தில் அறிய முடியாது. ஆகவே அந்த இடத்தில் ஜேம்ஸ் சொல்வதே செல்லும். ஆனால் சோதிக்க நேரமிருந்தவர்கள் இருந்தார்கள். 1995-க்கும் இன்றைக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஆய்வை வடிவமைத்தும் கைவிட்டும், நிதி ஒதுக்கியும் ஒதுக்காமலும் இருந்த மருந்து நிறுவனங்களும் அரசுகளும் மருத்துவ உலகமும்தான் கிளிஃபர்டின் கப்பல் முதலாளியின் இடத்தில் இருக்கிறார்கள். கட்டிலருகில் இருக்கும் அறியாமை அங்கே பிறந்ததன்று. வேறிடத்தில், நிதானமாக, பல ஆண்டுகளில் உருவானது. குற்றத்தை எங்கே வைப்பது என்பதற்கு, விசாரணை எப்போது கைகூடும் நிலையில் இருந்தது என்று கேட்பதே சரியான வழி.

ஒரு முயற்சி நடந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியுதவியோடு, சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் காத்தரின் ஆம்லி-லெஃபாண்டு தலைமையில், டிப்ஸ் என்ற சுருக்கப் பெயருடைய சோதனை, 2 முதல் 17 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆல்டிபிளேசின் பாதுகாப்பான அளவைக் காண வகுக்கப்பட்டது. 93 குழந்தைகள் பரிசீலிக்கப்பட்டார்கள். 43 பேருக்கு அடைப்பு வகைப் பக்கவாதம் உறுதியானது. அவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மருந்து கொடுக்கக் கூடாத மருத்துவக் காரணம் இருந்தது. பிறர் நேரம் கடந்து வந்ததாலும் வேறு காரணங்களாலும் விலக்கப்பட்டார்கள். 2013 டிசம்பரில் சோதனை மூடப்பட்டபோது அதில் சேர்ந்து மருந்து பெற்றிருந்தது ஒரே ஒரு குழந்தை. அறிவியல் நோக்கில் அது தோல்வி. ஆனால் அதில் சேரத் தகுதி பெறுவதற்காகப் பங்கேற்ற மருத்துவமனைகள், இரவு இரண்டு மணிக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கவும் மயக்கவியல் மருத்துவரை அழைக்கவும் நரம்பியல் குழுவைத் திரட்டவும் ஒழுங்குகளை வகுத்துக்கொண்டன. குழந்தைகளுக்கான பக்கவாத மையங்கள் பல அந்த ஆயத்தத்திலிருந்தே வளர்ந்தன. மருந்தைப் பற்றி எதையும் சொல்லாத சோதனை, மருந்து இல்லாமலேயே பல குழந்தைகளுக்கு உதவும் ஏற்பாட்டை விட்டுச்சென்றது.

இந்த அறியாமைக்குப் பின்னால் சோம்பலும் கஞ்சத்தனமும் மட்டும் இல்லை; உயர்ந்த நோக்கமுடைய ஓர் அறநிலைப்பாடும் இருக்கிறது. 1947-இல் வகுக்கப்பட்ட நியூரம்பர்க் நெறி, சோதனைக்கு உட்படுபவரின் தன்விருப்பமான ஒப்புதலை முதல் நிபந்தனையாக்கியது. குழந்தையால் அதைத் தர முடியாது. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் தங்கியிருந்த நியூயார்க்கின் வில்லோபுரூக் இல்லத்தில், 1950-களின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் மஞ்சள் காமாலைக் கிருமியை வேண்டுமென்றே செலுத்தி நடந்த ஆய்வுகள், அந்த நிபந்தனை ஏன் தேவை என்பதை உலகுக்குக் காட்டின. இந்தப் பின்னணியில்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மெத்தடிச இறையியலாளர் பால் ராம்சே, 1970-இல் வெளியான தம் நூலில், குழந்தையின் சொந்த நன்மைக்கான சிகிச்சைக்குப் பெற்றோர் ஒப்புதல் தரலாம், பிறர் நன்மைக்கான ஆய்வுக்குத் தரவே கூடாது என்று வாதிட்டார். அவருடைய வாதத்தின் அடித்தளம் உடன்படிக்கை என்னும் விவிலியக் கருத்து: இறைவன் தன் மக்களிடம் காட்டும் விசுவாசத்தின் சாயல் மனிதர் ஒருவருக்கொருவர் காட்டும் விசுவாசத்தில் இருக்க வேண்டும், ஒப்புதல் என்பது அந்த விசுவாசத்தின் வடிவம், ஒப்புதல் தர இயலாதவரை வேறொருவரின் நோக்கத்துக்குப் பயன்படுத்துவது, கேடு ஏதும் விளையாவிட்டாலும், துரோகம்.

இயேசு சபை இறையியலாளர் ரிச்சர்டு மக்கார்மிக் 1974-இல் இதற்கு மறுமொழி எழுதினார். மனிதர் தனித்த தீவுகளல்லர். பிறருடைய நலனில் பங்கேற்பது மனித இயல்பின் பகுதி. ஆகவே இடர் மிகக் குறைவாகவும் பயன் பெரிதாகவும் உள்ள ஆய்வுக்குக் குழந்தையும் இசைந்திருக்க வேண்டியதே என்று கொண்டு பெற்றோர் ஒப்புதல் தரலாம் என்பது அவர் வாதம். குழந்தையை அறக்கடமை தாங்கிய பெரியவராகக் கற்பனை செய்வது பொய் என்றார் ராம்சே. ஆனால் 1976-இல் எழுதிய பதிலில் அவர் ஒரு குறிப்பிடத்தக்க இடத்துக்கு வந்தார்: குழந்தைகள் மீதான ஆய்வு தவறு, ஆனால் அதைச் செய்யாமலிருப்பதாலும் குழந்தைகளே துன்புறுகிறார்கள் என்றால், செய்பவர் அதைத் தவறென்று அறிந்தே, அதன் குற்றத்தைத் தம் மீது ஏற்றுக்கொண்டு செய்யட்டும், அதற்கு நியாயம் கற்பித்து அதைத் தூய்மையாக்க வேண்டாம். மக்கார்மிக்கின் வாதம் சட்டமியற்றுவோருக்கு வசதியானது. பிற்கால விதிகள் பெரும்பாலும் அவர் வழியிலேயே சென்றன. ஆயினும் மருத்துவரின் உள்ளத்தை அதிகம் அறிந்தவர் ராம்சேதான் என்று சொல்லத் தோன்றுகிறது. சரியான காரியத்தைச் செய்தபின்பும் ஒரு கடன் மீதமிருக்கும் என்ற உணர்வு இல்லாதவர், அந்தக் கடனைத் தீர்க்கும் வேலையையும் தொடங்க மாட்டார்.

ராம்சேயின் தடை யாரைக் காத்தது என்று பார்த்தால் வேறொரு சிக்கல் தெரிகிறது. மருந்துகளில் பெரும்பாலானவை குழந்தைகளில் சோதிக்கப்படாமலேயே விற்பனைக்கு வருவதைக் கண்டு, 1960-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹாரி ஷர்க்கி குழந்தைகளைச் சிகிச்சை உலகின் அநாதைகள் என்று வருணித்தார். சோதனைக்குள் வராத குழந்தை மருந்திலிருந்து காக்கப்படவில்லை. கண்காணிப்பும் ஒழுங்கான அளவும் பதிவும் உள்ள சோதனையிலிருந்து மட்டும் காக்கப்பட்டு, அவை இல்லாத வார்டில் அதே மருந்தைப் பெற்றது. இடர் குறையவில்லை, எண்ணத்தக்க சிலரிடமிருந்து எண்ணப்படாத பலருக்கு இடம் மாறியது.

சோதனை இயலாதது என்ற சாக்குக்கு எதிரான சாட்சி அரிவாள் செல் இரத்தசோகையில் கிடைக்கிறது. சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் விறைத்துக் குழாய்களை அடைக்கும் இப்பரம்பரை நோயின் கடுமையான வகையில், தடுப்பு ஏதுமின்றி விட்டால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருபது வயதுக்குள் பக்கவாதம் வரும். மண்டையோட்டின் வழியே ஒலியலையைச் செலுத்தி மூளைத் தமனியில் குருதியின் வேகத்தை அளந்து, நொடிக்கு 200 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள 130 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தொடர்ந்து இரத்தம் ஏற்றினார்கள். வழக்கமான பராமரிப்புப் பெற்ற பிரிவில் 11 பேருக்குப் பக்கவாதம் வந்தபோது இரத்தம் ஏற்றப்பட்ட பிரிவில் ஒருவருக்கே வந்தது; வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டு 1998-இல் முடிவு வெளியானது. அந்தக் குழந்தைகளுக்குப் பக்கவாதமே வந்துவிட்டால், அவசர சிகிச்சை உறைவு கரைப்பதன்று. நோயுற்ற குருதியை வெளியேற்றி நல்ல குருதியை ஏற்றும் மாற்றேற்றமே. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் பதிவானது 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் என்பதால் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. தடுப்புக்கு நேரம் இருந்தது, ஒப்புதல் கேட்க அவகாசம் இருந்தது என்பது உண்மை. ஆனாலும் குழந்தைகளைக் குலுக்கிப் பிரித்து ஆராய்வதே அறமற்றது என்று நின்றிருந்தால், பிற்காலத்தில் காக்கப்பட்ட குழந்தைகளின் மூளை அந்தத் தூய்மைக்கு விலையாகியிருக்கும்.

கட்டிலருகே திரும்பினால், அங்கே மருத்துவரைத் தடுப்பது பெரும்பாலும் தருக்கமன்று, இருவகைத் துன்பங்களின் சமமின்மை. மருந்தினால் வரும் கசிவு மருத்துவரின் கையிலிருந்து வந்தது. மருந்தின்றி நிலைத்த ஊனம் நோயிலிருந்து வந்தது. செய்வதற்கும் விடுவதற்கும் இடையே மனித மனம் போடும் இந்தக் கோட்டுக்கு அறநூல்களில் நீண்ட வரலாறு உண்டு. முற்றிலும் பொருளற்ற கோடு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கோட்டுக்கு இவ்விடத்தில் ஒரு பிழையான நம்பிக்கை முட்டுக்கொடுத்தது. 1930-களில் மார்கரெட் கென்னார்டு குரங்குகளில் செய்த ஆய்வுகளிலிருந்து, இளமூளை காயத்திலிருந்து எளிதில் மீளும் என்ற கருத்து, அவர் சொன்ன வரம்புகளைத் தாண்டிப் பரவியது. குழந்தைதானே, வளர வளரச் சரியாகிவிடும் என்ற ஆறுதலின் அறிவியல் வடிவம் அது. பக்கவாதம் கண்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கை கால் இயக்கத்திலோ பேச்சிலோ கற்றலிலோ நீங்காத குறையோடு வாழ்கிறார்கள். வளர்ச்சி முற்றுப்பெறாத மூளையில் ஏற்பட்ட இழப்பு, பள்ளிப் பருவத்தில்தான் முழுதாக வெளிப்படுவதும் உண்டு. விடுதல் தீங்கற்றது என்ற எண்ணம் பொய்யானபின், கையை விலக்கிக்கொள்வதைப் பணிவு என்று சொல்ல முடியாது. பயத்தின் அளவும் மறுபரிசீலனைக்கு உரியது: அமெரிக்கக் குழந்தை மருத்துவமனைகளில் ஆல்டிபிளேஸ் பெற்ற 26 குழந்தைகளைப் பின்னோக்கி ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், நிலையை மோசமாக்கும் கசிவு ஒருவருக்கும் இல்லை. 26 என்பது சிறிய எண். ஆயினும் அது பூஜ்யமல்ல.

பெற்றோரின் ஒப்புதல் இச்சுமையை இறக்கிவைக்கும் இடமாகப் பல வேளைகளில் பயன்படுகிறது, அது நியாயமன்று. மருத்துவரே அறியாததை அறிந்து ஒப்புக்கொள்ளும்படி, குழந்தையின் கோணிய முகத்தைப் பார்த்தபடி நிற்கும் தாயிடம் படிவத்தை நீட்டுவது, முடிவின் பாரத்தைக் கைமாற்றுவதேயன்றிப் பகிர்வதாகாது. பெரியவர்களில் என்ன தெரியும், குழந்தைகளில் என்ன தெரியவில்லை, தாம் எதைப் பரிந்துரைக்கிறார், ஏன் என்பவற்றை இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பரிந்துரையின் பொறுப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் மருத்துவர்தான், ராம்சே சொன்ன விசுவாசத்துக்கு அருகில் இருக்கிறார்.

அப்படிச் செயல்பட்டவருக்கு எஞ்சும் கடன், செய்ததையும் அதன் விளைவையும் பிறர் ஆராயத்தக்க வகையில் பதிவது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 27 மையங்களில் உறைவை இழுத்தெடுக்கும் சிகிச்சை பெற்ற 73 குழந்தைகளின் பதிவுகளைத் திரட்டிய ஆய்வு, பெரியவர்களில் காண்பதை ஒத்த நல்ல விளைவுகளையும் குறைந்த கசிவையும் காட்டியது. ஆனால் அதில் இருந்தவர்கள் சிகிச்சை பெற்றவர்கள் மட்டுமே. காரணம் உள்ளபோது காரியம் உண்டாதல் அந்வயம், காரணம் இல்லாதபோது காரியமும் இல்லாதிருத்தல் வியதிரேகம் என்றும், இரண்டும் கண்டால்தான் தொடர்பு உறுதியாகும் என்றும் தருக்க நூலார் சொல்வர். சிகிச்சை பெறாத குழந்தைகள் என்ன ஆனார்கள் என்னும் வியதிரேகம் அந்தத் திரட்டில் இல்லை. அதையடுத்து அதே குழுவினர் மேற்கொண்ட முன்னோக்கிய பதிவேடு இரு வகைக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் யாருக்குச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. அடைப்பின் தன்மையும் மருத்துவரின் துணிவும் மட்டுமன்றி, குழந்தை எந்த ஊரில் விழுந்தது, அருகிலிருந்த மருத்துவமனையில் அன்றிரவு எம்.ஆர்.ஐ. இயங்கியதா, பக்கவாதம் என்ற ஐயம் முதலில் பார்த்தவருக்கு எழுந்ததா என்பவையும் தீர்மானித்தன. நேரத்துக்குள் கண்டறியப்படாத குழந்தைகள் அத்தகைய பதிவேடுகளிலும் பெரும்பாலும் வருவதில்லை. கிளிஃபர்ட் கோரிய விசாரணை முதலில் தொடங்க வேண்டியது அவர்களிடமிருந்து.